லாபக்காய் போக மீதிப் பருந்துகள்

1

ஊரிலிருந்து என் தங்கை முத்துலட்சுமி அடிக்கடி போன் போடுவாள். அங்கே மழை இல்லை, மாமியாருக்கு முட்டுவலி, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவாள். போன பங்குனியிலும் அப்படித்தான் வந்தாள்.

"அண்ணே, நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு. இசக்கி என்ன வேல பாக்கான்னு கேக்காக. என்ன சொல்ல?"

"பருந்து எண்ணுதா" என்றேன்.

லைன் சரியில்லை, நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். மறுநாள் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் கம்ப்யூட்டரில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அதுவும் பொய்யில்லை. இங்கே பம்பாயில், ஐரோலியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் என் மகள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலையேறி வானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பங்குனி பிறந்தால் மிச்சமிருக்கிற லீவையெல்லாம் அதற்கே கொட்டுவாள்.

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். குளிருக்குப் பயந்து தெற்கே வந்த பருந்துகள், வெயில் ஏறியதும் வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்புமாம். போகிற வழியில் இந்த மலைகளின் மேல் எழும்பும் சூட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் ஓசிச் சவாரி போகுமாம். எத்தனை போகிறது என்று உச்சியில் உட்கார்ந்து எண்ணுவதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. நம் ஆட்கள் மே மாதம் மூட்டை முடிச்சோடு ஊருக்கு ரயிலேறுவதை எவனாவது தாதர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எண்ணினானா என்று கேட்டேன்.

"உங்கள ரயில்வே எண்ணுதுப்பா" என்றாள் இசக்கி. வாய் அவள் அம்மா வழி.

2

நான் தேங்காய்க்காரன். தாராவியில் மொத்தக் கடை. பொள்ளாச்சியிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் காய் வரும். மாட்டுங்கா கோயில்களுக்கும் மெஸ்களுக்கும், செம்பூர் கல்யாண மண்டபங்களுக்கும் என் கடையிலிருந்து போகும். முன்பு கடைக்கு மேலேயே குடியிருந்தோம். இப்போது நெருளில் மாடி வீடு, பால்கனி, லிஃப்ட் என்று பெரிய மனுஷர்களாகிவிட்டோம்.

எங்கள் தொழிலில் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் காய்க்கு ஒன்று என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். அப்புறம் ரெண்டு, மூணு. நூறு முடிந்ததும் அஞ்சு காயை எண்ணாமல் ஓரமாக உருட்டிவிடுவேன். அதுதான் லாபக்காய். வழியில் உடைந்தது, அழுகியது எல்லாவற்றுக்கும் ஈடாக, விற்கிறவன் வாங்குகிறவனுக்கு விடுவது. அது கணக்கில் ஏறாது. ஒவ்வொரு நூற்றுக்கும் லாரிக்காரன் மூஞ்சியைத் தூக்குவான். தூக்கட்டும் என்று நான் அடுத்த நூறுக்குப் போய்விடுவேன்.

இசக்கி நடை பழகியதே இந்தக் காய்க்குவியல் மேல்தான். குலசாமி பெயரை ஆசையாக வைத்தோம். அவள் சிநேகிதர்கள் அதை 'இஸ்ஸி' என்று நறுக்கிவிட்டார்கள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று அவள் அம்மா பார்வதிதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் தமிழில் கேட்பாள். சண்டை என்றால் ஹிந்திக்குத் தாவிவிடுவாள். என் ஹிந்தி கடை ஹிந்தி. அதில் ஆண்பால் பெண்பாலுக்கெல்லாம் இடம் கிடையாது, லாரியும் வருகிறான், மனைவியும் வருகிறான். அதை வைத்துக்கொண்டு பெற்ற மகளிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா?

போன பங்குனியில் போட்ட சண்டை பெரிது. ஹிமாச்சல் மலையில் இரண்டு வருஷம் தங்கி இதே எண்ணுகிற வேலையைச் செய்ய அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஐரோலி வேலையை விட்டுவிட வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். இந்தப் பருவத்து எண்ணிக்கையை இங்கே அவள் பொறுப்பில் ஒழுங்காக முடித்துக் காட்ட வேண்டும். ஒழுங்கு என்றால், ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பேசாமல் எண்ண வேண்டும். சாயங்காலம் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த நாளே செல்லாது. புகைமூட்டத்தில் நிறைய நாள் அப்படிப் பாழாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு நல்ல நாள் தேவை. மிச்சமிருந்ததும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

போக வேண்டாம் என்றேன். ஒற்றைப் பிள்ளை, பனி, தனியாக எப்படி என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். "நீங்க உடன்குடியில இருந்து பொறப்படும்போது உங்கள யாரும் நிறுத்தலையே?" என்றாள். நிறுத்தினார்கள், நான்தான் கேட்கவில்லை. அதை அவளிடம் எடுத்துக்கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், கூட எண்ணுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. இசக்கி இடிந்துபோய் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் லட்டு தின்றது போல இருந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பேப்பரின் மேல் விளிம்பில் அவள் விரல் வந்தது.

"அப்பா, காலம்பூரா தேங்கா எண்ணுதீங்க. ஒருநா பருந்து எண்ண மாட்டீங்களா?"

தமிழில்தான் கேட்டாள். வருகிறேன் என்றேன். ஆசையினால் அல்ல. மலை உச்சியில் கதவு கிடையாது. நான் புத்தி சொல்லும்போது அவளால் எழுந்துபோய்ப் படாரென்று சாத்த முடியாது. அதுதான் என் திட்டம்.

3

கார்கர் பக்கத்து மலை. விடியும் முன்பே கிளம்பினோம். பார்வதி எலுமிச்சைச் சோறும் துவையலும் கட்டிக் கொடுத்தாள், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவனுக்குக் கட்டுவது போல. மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாக்கு வெளியே தள்ளியிருந்தது. உச்சியில் ஒருவர் மடக்கு நாற்காலி போட்டு, நாங்கள் தாமதமாக வந்துவிட்டோம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் பாட்டீல் காகா, மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். இந்த எண்ணிக்கைக்கு மேற்பார்வை அவர்தான். கண்ணில் அப்போதுதான் ஆபரேஷன் செய்திருந்ததால் உயரத்தில் பறப்பதை எண்ணக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எண்ணுகிறவர்களை நன்றாகவே கண்காணித்தார். வந்ததும் வராததுமாக என்னை இந்தப் பாறையிலும் இசக்கியை அந்தப் பாறையிலும் உட்கார வைத்து, நடுவில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வரை இருவரும் பேசக் கூடாது. என் திட்டம் அங்கேயே மண்ணைக் கவ்வியது.

பிரிப்பதற்கு முன் இசக்கி என் கையில் ஒரு கிளிக்கரைக் கொடுத்தாள். கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் எண் கூடும், அவ்வளவுதான். எதை எண்ண வேண்டும், எதை எண்ணக் கூடாது என்று பாடம் எடுத்தாள். எங்கள் தலைக்கு மேலேயே கள்ளப்பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. செம்பூர்ப் பக்கம் குப்பைமேட்டில் கூட்டம் கூட்டமாக இருக்குமே, அதே ஜாதி. நான் ஆவலாக அமுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத எண்ணக் கூடாதுப்பா. இது லோக்கல். எங்கயும் போவாது."

"லோக்கல்னு யார் சொன்னா? டொமிசைல் சர்டிபிகேட் காட்டிச்சா?"

இந்த மாநிலத்துக்காரர்தான் என்று காட்டுகிற அந்தச் சர்டிபிகேட்டுக்கு நான் அலைந்த கதை அவளுக்குத் தெரியும், அவள் காலேஜுக்காக அலைந்ததுதானே. ரேஷன் கார்டு, கரண்ட் பில், கடை லைசென்ஸ் என்று பையோடு கொண்டுபோய்க் கொட்டினேன். எல்லாவற்றையும் புரட்டிய குமாஸ்தா, மரியாதையாகத்தான், "மூல் காவ்?" என்றார். பூர்வீக ஊர் எது என்று கேள்வி. என்னைக் கேட்டால் சரி. மே மாத விடுமுறையில் மட்டும் உடன்குடியைப் பார்த்து, கொசு கடிக்கிறது என்று அழுத என் மகளுக்கும் உடன்குடி என்றே எழுத வேண்டியிருந்தது. இங்கேயே கிடக்கிற நாங்கள் வெளியூர், இந்தக் கள்ளப்பருந்து மட்டும் லோக்கல். நல்ல நியாயம் என்று முனகினேன்.

அப்போதுதான் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக ஒரு கருடன் நேர் மேலே வந்து வட்டமிட்டது. என் இரண்டு கையும் தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டன. கையில் கிளிக்கர் இருப்பதை மறந்துபோனேன். கன்னத்தில் பட்டு இரண்டு எண் ஏறிவிட்டது. பாட்டீல் காகா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, பக்தியெல்லாம் கீழே வைத்துவிட்டு வர வேண்டும் என்றார். இசக்கி கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்க்காமல் இல்லை.

4

காலையெல்லாம் ஒன்றும் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆசாமிகள் வரவே வேண்டாம் என்று நான் முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாறையில் இசக்கி பைனாகுலரை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு, மூக்கில் வெள்ளையாக ஏதோ கிரீம். கம்ப்யூட்டர் முன்னால் இப்படி ஒரு நாள்கூட அவள் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உச்சி வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது பன்வேல் பக்கமிருந்து வந்தன. முதலில் தூசி என்று நினைத்தேன். பிறகு அது சுற்றியது. கொதிக்கிற உலையில் அரிசி சுற்றுவது போல மொத்தக் கூட்டமும் சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. சுற்றும்போது எண்ணக் கூடாது, உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாகப் பிரிந்து வடக்கே வழுக்கும்போதுதான் எண்ண வேண்டும் என்று இசக்கி சொல்லிக் கொடுத்திருந்தாள். முதல் பருந்து பிரிந்தது.

"லாபம்" என்றது என் வாய். விரல் அமுக்கியது. ரெண்டு, மூணு, நாலு.

அப்புறம் எனக்கு ஒன்றுமே நினைவில்லை. முருகனும் இல்லை, திட்டமும் இல்லை. வெறும் வானம், அதில் ஒன்றன்பின் ஒன்றாக அவை. ஒரு சிறகடிப்பு கிடையாது, முன்னே போவதை முந்துகிற அவசரம் கிடையாது. வாய் எண்ணியது, விரல் அமுக்கியது, கண்ணில் நீர் வழிந்தது. வெயிலினால்தான். கடைசிப் பருந்தும் மலைக்குப் பின்னால் மறைந்தபோது, என்னையறியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாட்டீல் காகா இரண்டு கிளிக்கரையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவளுடையதில் நானூற்று இருபத்து மூன்று. என்னுடையதில் நானூற்று மூன்று. இருபது பருந்து குறைந்தது. நாள் செல்லாது என்று பெரியவர் தலையை ஆட்டினார். அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகள் போகமாட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகவே முடிந்துவிட்டது. முகத்தில் அதைக் காட்டாமல் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினேன். இசக்கி எதிரே நின்றாள்.

"வேணும்னே செஞ்சீங்களாப்பா?"

ஹிந்தியில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாக, தமிழில் கேட்டாள். இத்தனை வருஷத் தொழிலில் என் எண்ணிக்கையை ஒருத்தன் சந்தேகப்பட்டதில்லை.

"எம் மேல சத்தியமா இல்லட்டி" என்றேன். "ஒண்ணொண்ணா எண்ணினேன். நூறு நூறா எண்ணினேன்."

"நூறு ஆனதும் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாக? அடுத்த நூறு."

"நடுவுல?"

நடுவில் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் இடது கை தெரிந்துவைத்திருந்தது. அவள் கேட்டதுமே அது, இல்லாத காய்களை ஓரமாக உருட்டித் தள்ளியது. இசக்கி அந்தக் கையையே பார்த்தாள். பிறகு அப்படியே பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"லாபக்காப்பா! நூறு பருந்துக்கு அஞ்சு பருந்து லாபக்கா எடுத்திருக்கீங்க!"

நாலு நூறு, நாலஞ்சு இருபது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திரிகை வாசிக்கத் தெரியாதவள், ஊர்ப் பெயர் கேட்டால் முகம் சுளிப்பவள் என்று நான் எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன். இந்தப் பெரிய பம்பாயில் என் கை போகிற போக்கு அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது.

5

பாட்டீல் காகாவுக்கு அவள் மராத்தியில் நெடுநேரம் விளக்கினாள். காயை உருட்டி நடித்துக்கூடக் காட்டினாள். அவர் கேட்டு முடித்துவிட்டு, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் மகள் போக வேண்டும் என்று தகப்பன் எதையும்தான் சொல்வார் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். மகள் போக வேண்டும் என்றா? என்னைப் பார்த்தா?

நிரூபித்துக் காட்டச் சொன்னார். மலைக்குக் கீழே பன்வேல் நெடுஞ்சாலை தெரிந்தது. அதில் பம்பாய் பக்கம் போகிற லாரிகளை நானும் அவரும் எண்ண வேண்டும். லாரி அவர் கண்ணுக்குத் தெரியும். நூற்றைம்பது ஆனதும் அவர் நிறுத்தச் சொல்வார். உண்மையிலேயே பழக்கம் என்றால் என் கணக்கு அஞ்சு குறைய வேண்டும். குறையாவிட்டால் கதை பொய், நாள் செல்லாது.

இசக்கியை முதுகு காட்டி உட்காரச் சொன்னார். நான் கிளிக்கரை எடுத்துக்கொண்டேன். எண்ண ஆரம்பித்ததும்தான் விஷயமே உறைத்தது. பழக்கம் என்பது நாம் அதைக் கவனிக்காத வரைக்கும்தான். இப்போது என் விரலை நானே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நான் சொன்னபடிதான் கேட்கும். ஒழுங்காக, ஒன்று விடாமல் நூற்றைம்பதையும் அமுக்கினால் போதும், மகள் வீட்டில் இருப்பாள். சரியாக எண்ணினார் என்று என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவளேகூடச் சொல்ல முடியாது.

எழுபது, எண்பது. அவள் முதுகு தெரிந்தது. வெயிலில் கழுத்து கன்றிச் சிவந்திருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தொண்ணூறு. அப்பா பழக்கத்தை விடமாட்டார் என்று அவ்வளவு நம்பிக்கையாக உட்கார்ந்திருந்தாள். நூறு.

அடுத்து ஒரு தண்ணீர் டேங்கர் வந்தது. விட்டேன். சிமெண்ட் லாரி ஒன்று. அதையும் விட்டேன். மூன்றாவதும் நாலாவதும் ஒட்டிக்கொண்டே வந்தன. விரல் துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஐந்தாவது தார்ப்பாய் போட்டு மூடிய லாரி, தெற்கேயிருந்து வருவது, எனக்கே வர வேண்டிய காயோ என்னவோ. அதுவும் போனது. நூற்றுக்கணக்கான லாரிக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கிப் பார்த்தவன் நான். விட்டுக் கொடுக்கிற பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வலிக்கத்தான் செய்கிறது.

நிறுத்துங்கள் என்றார். என் கிளிக்கரில் நூற்று நாற்பத்தைந்து. பாட்டீல் காகா அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கணக்கு வாத்தியார்களை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் நாள் செல்லும் என்று இசக்கியிடம் சொல்லிவிட்டு, எலுமிச்சைச் சோறு மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தார்.

இறங்கும்போது இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கால் வழுக்குகிற இடம், எனக்காக என்றுதான் நினைத்தேன். பாதி தூரம் வந்திருப்போம்.

"மொதத் தடவ பழக்கம். ரெண்டாந்தடவ?" என்றாள்.

"அதுவும் பழக்கந்தான். வழியப் பாத்து நட."

6

இசக்கி போய்ப் பல மாதங்களாகின்றன. அங்கே பனி, சிக்னல் கிடைக்காது. கிடைக்கும்போது அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் சிரிப்பீர்கள். கூட வேறு பாஷைக்காரர்கள், தமிழ் பேச ஆளில்லாததால் எங்களிடம் மொத்தமாகக் கொட்டுகிறாள். இங்கே இருந்தபோது இதில் பாதி பேசியிருக்கமாட்டாள்.

முத்துலட்சுமி போன வாரமும் கூப்பிட்டாள். அந்த இடம் போய்விட்டது, இன்னொரு இடம் வந்திருக்கிறது, என்ன வேலை என்று சொல்வது என்றாள். பருந்து எண்ணுகிறாள் என்றே சொல், நானும் எண்ணியிருக்கிறேன் என்று சொல் என்றேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

கிளிக்கரை இசக்கி என்னிடமே விட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். பார்வதி டீயோடு பின்னாலேயே வருவாள். நேற்றும் வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரண்டு கள்ளப்பருந்து, ஜோடியாக, சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

"அத எண்ணலியா?" என்று கேட்டாள்.

"எண்ணக் கூடாதுளா. அது லோக்கல். எங்கயும் போவாது."

அவள் டீ டம்ளரைக் கைப்பிடிச்சுவரில் வைத்தாள்.

"அப்பம் நாம?"

"நாமளும் லோக்கல்தான்" என்றேன். இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பார்வதி என் கையிலிருந்து கிளிக்கரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, டீ ஆறுகிறது என்றாள்.